சாப்பாடு 10-ம் வகுப்பு வரை... யூனிஃபார்ம் 8 வரைதான்! கும்மிடிப்பூண்டி பெற்றோரின் ஜூன் மாதக் கணக்கு

ஜூன் முதல் வாரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் இறங்கும் இடம் ஜவுளிக்கடை. கையில் ஒரு சீட்டு. அதில் மகளின் இடுப்பளவு, மகனின் பேண்ட் உயரம், ஷூ சைஸ். "ரெண்டு செட் போதுமா, மூணா எடுக்கலாமா?" என்ற கேள்விக்கு விடை பர்ஸில்தான் இருக்கிறது.

பள்ளிக் கட்டணம் உயர்ந்தால் செய்தியாகிறது. யூனிஃபார்ம் செலவு அப்படி இல்லை. ஒரே நாளில், ஒரே பில்லில் வராமல் சட்டை, ஷூ, சாக்ஸ், டை என்று துண்டு துண்டாக வருவதால் மொத்தம் எவ்வளவு ஆனது என்று பல வீடுகளில் கணக்கே போடுவதில்லை. கடன் அடைக்கும்போதுதான் தெரிகிறது.

சீருடைக்கு அரசு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது? எந்த இடத்தில் கை விடுகிறது? தனியார் பள்ளி சொல்லும் கடையில்தான் வாங்கியாக வேண்டுமா? விரிவாகப் பார்க்கலாம்.

கும்மிடிப்பூண்டியை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் இது. ஒருபக்கம் சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை. இன்னொரு பக்கம் சென்னை புறநகர் ரயில் பாதை. நடுவில் சிப்காட் தொழிற்பேட்டை. கொஞ்சம் தள்ளி தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட். இரும்பு உருக்கு ஆலை, வார்ப்படம், டயர், வாகன உதிரிபாகம் என்று பலதரப்பட்ட தொழில்கள்.

நிரந்தர வேலையில் இருப்பவர், கான்ட்ராக்டில் இருப்பவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர், தெலுங்கு பேசும் எல்லையோரக் குடும்பங்கள், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழ்பவர்கள் என எல்லோரின் பிள்ளைகளும் இங்கே பள்ளிக்குப் போகிறார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளிக்கும், அடுத்த வீட்டுப் பிள்ளை பள்ளி வேன் ஏறி மெட்ரிக் பள்ளிக்கும் போகும். இரண்டு வீட்டிலும் மாதச் சம்பளம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். யூனிஃபார்ம் செலவு மட்டும் ஒன்றாக இருக்காது.

அரசு என்ன தருகிறது?

சத்துணவு சாப்பிடும் மாணவர்களுக்கு விலையில்லா சீருடை தரும் திட்டம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1985-ல் தொடங்கியது. ஜெயலலிதா ஆட்சியில், 2012-13 கல்வியாண்டிலிருந்து ஆண்டுக்கு 4 செட் ஆனது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும், சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது கிடைக்கும்.

திட்டத்தை நடத்துவது சமூக நலத்துறை. துணி, விசைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கங்களிலிருந்து கைத்தறி துறை வழியாக வருகிறது. தைப்பது மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கங்கள். ஆக, ஒரு சட்டைக்குள் மூன்று பேரின் பிழைப்பு இருக்கிறது: நெசவாளர், தையல் செய்யும் பெண், அதைப் போட்டுக்கொண்டு போகும் பிள்ளை.

மத்திய அரசின் சமக்ர சிக்‌ஷா திட்டத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிது என்று புரியும். அந்தத் திட்டத்தின் விதிப்படி ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2 செட், அதற்கு 600 ரூபாய். தமிழ்நாடு தருவது 4 செட்.

குறையே இல்லையா? இருக்கிறது. அளவு பொருந்தாத சட்டையைப் பிரித்துத் தைக்க டெய்லரிடம் போகும் வீடுகள் உண்டு. 4 செட்டும் ஒரே நாளில் கைக்கு வருவதில்லை, தவணையாகத்தான் வரும். முதல் செட் தாமதமானால் ஜூனில் ஒரு செட்டாவது வெளியில் எடுத்தாக வேண்டும். செங்கல் சூளை வேலைக்காகக் குடும்பத்தோடு ஆண்டின் நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு இது இன்னும் தள்ளிப்போகலாம். ஆனாலும் 8-ம் வகுப்பு வரை ஒரு தினக்கூலிக் குடும்பம் தலையில் கை வைக்காமல் இருக்க இந்த 4 செட்தான் காரணம்.

இந்த மாவட்டத்துக்கு ஒரு பழைய தொடர்பு

பள்ளிப் பிள்ளைக்கு ஊரும் அரசும் சேர்ந்து துணி கொடுப்பது 1985-ல் திடீரென்று வந்த யோசனை அல்ல. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த 1950-களின் பிற்பகுதியில் 'பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்' நடந்தன. ஊர் மக்களிடம் நன்கொடை திரட்டி பள்ளிக்குக் கட்டடம், பெஞ்ச், கரும்பலகை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை என்று செய்துகொடுத்த இயக்கம் அது. ஆரம்பத்தில் அது நடந்த இடங்களில் ஒன்று, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் கடம்பத்தூர்.

அன்றைய நோக்கம் எளிமையானது. கிழிந்த சட்டையோடு வர வெட்கப்பட்டு ஒரு பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. சாதியும் வசதியும் துணியில் தெரியக் கூடாது. யூனிஃபார்ம் வந்ததே செலவைக் குறைக்கவும் வித்தியாசத்தை மறைக்கவும்தான். இன்று அதுவே ஒரு செலவாக நிற்கிறது.

சரி, 8-ம் வகுப்போடு ஏன் நிற்கிறது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சத்துணவு 10-ம் வகுப்பு வரை உண்டு. பாடப்புத்தகமும் பையும் 12-ம் வகுப்பு வரை. 11-ம் வகுப்பில் சைக்கிள். ஆனால் சீருடை 8 வரைதான். 9-ம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் சாப்பாடு கிடைக்கும், போட்டுக்கொண்டு வரும் சட்டை கிடைக்காது.

8 என்ற எல்லை சட்டத்திலும் இருக்கிறது. 2009-ம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, அதாவது 8-ம் வகுப்பு வரைதான் இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. மத்திய அரசின் 600 ரூபாய் சீருடை விதியும் 8-ம் வகுப்போடு முடிகிறது.

இதே 14 வயதில் இன்னொரு சட்டமும் மாறுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் செய்த திருத்தப்படி, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. வீட்டுத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ஆனால் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குத் தடை ஆபத்தான தொழில்களில் மட்டும்தான்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 14 வயதில் இலவச யூனிஃபார்ம் நிற்கிறது. அதே 14 வயதில் கடை, ஓட்டல், பேக்கிங் மாதிரியான வேலைகளுக்குச் சட்டம் வழி விடுகிறது. தொழிற்பேட்டை ஓரத்தில் வாழும் குடும்பத்துக்கு இது வெறும் தாளில் உள்ள விஷயம் இல்லை. அப்பா வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பையனுக்கும் ஒரு வேலை இருக்கும்.

ஒரு சட்டைக்காக யாரும் படிப்பை நிறுத்துவதில்லை என்று சொல்லலாம். உண்மைதான், ஒரு சட்டைக்காக மட்டும் நிறுத்துவதில்லை. கடன், உடம்பு சரியில்லாத அம்மா, வராத பாடம், அதன் மேல் இந்தச் செலவு என்று சேரும்போது நிறுத்துகிறார்கள். ஆரம்ப வகுப்புகளைவிட 9, 10-ம் வகுப்புகளில்தான் இடைநிற்றல் அதிகம் என்பதை மத்திய அரசின் யூடைஸ் தரவுகளே காட்டுகின்றன. பிள்ளையைப் பிடித்து வைக்க வேண்டிய வகுப்பில் ஒரு பிடி தளர்கிறது.

9-ம் வகுப்பில் எவ்வளவு ஆகும்?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். இது புரிந்துகொள்வதற்கு மட்டும்.

அரசுப் பள்ளியில் மகள் 9-ம் வகுப்பு, மகன் 11-ம் வகுப்பு. துணி, தையல்கூலி எல்லாம் சேர்த்து ஒரு செட் 750 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு 2 செட் எடுக்க 3,000 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். அப்படியென்றால் இரண்டு பிள்ளைகளின் சட்டை துணிக்கு மட்டும் கிட்டத்தட்ட 9 நாள் கூலி.

அதோடு இது வளரும் வயது. போன வருஷ பேண்ட் இந்த வருஷம் கணுக்காலுக்கு மேலே நிற்கும். பெண் பிள்ளைக்குச் சுடிதார், மேல்கோட், துப்பட்டா என்று துணியும் அதிகம், தையல்கூலியும் அதிகம். சின்ன வகுப்புக்கு 4 செட் இலவசமாகக் கிடைத்தது. துணி அதிகம் தேவைப்படும் வயதில் ஒன்றுகூட இல்லை.

தனியார் பள்ளியில் என்ன நடக்கிறது?

இங்கே லிஸ்ட் நீளம். தினசரி யூனிஃபார்ம் 2 செட், விளையாட்டு நாளுக்கு 'ஹவுஸ்' நிறத்தில் டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் ஒரு செட், கறுப்பு ஷூ, வெள்ளை கேன்வாஸ், சாக்ஸ், டை, பெல்ட்.

மறுபடி உதாரணக் கணக்குதான். தினசரி செட் 900 வீதம் இரண்டுக்கு 1,800. விளையாட்டு செட் 700. கறுப்பு ஷூ 500. கேன்வாஸ் 350. மூன்று ஜோடி சாக்ஸ் 180. டை, பெல்ட் 200. மொத்தம் 3,730 ரூபாய். இரண்டு பிள்ளை என்றால் 7,460. மகளிர் உரிமைத் தொகையாக மாதம் வரும் 1,000 ரூபாயை அப்படியே எடுத்து வைத்தாலும் 7 மாதத்துக்கு மேல் சேர்த்தால்தான் இது தேறும். கட்டணமும் புத்தகமும் தனி. மே மாதத்தில் அடகுக் கடைக்குப் போகும் நகைக்கு இதுவும் ஒரு காரணம்.

துணி விலைதான் பிரச்னையா?

முழுக்க இல்லை. பாலியஸ்டர் கலந்த சாதாரண யூனிஃபார்ம் துணி மார்க்கெட்டில் பல விலையில் கிடைக்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயில் ஏறி கொருக்குப்பேட்டையில் இறங்கினால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம்தான். நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி வாங்கலாம்.

ஆனால் பள்ளியின் சட்டையில் லோகோ அச்சடித்திருந்தால்? கட்டம்போட்ட துணி அந்தப் பள்ளிக்கென்றே நெய்ததாக இருந்தால்? அது ஒரே கடையில்தான், அல்லது பள்ளி வளாகத்திலேயேதான் கிடைக்கும். எம்.சி. ரோடு இருந்தும் பயன் இல்லை. போட்டி இல்லாத இடத்தில் விலையைக் கடைக்காரரே சொல்வார். செட்டுக்கு 200 ரூபாய் கூடினாலே மேலே பார்த்த குடும்பத்துக்கு 6 செட்டுக்கு 1,200 ரூபாய் அதிகம்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டிசைனை மாற்றினால் இன்னொரு நஷ்டம். அக்காவின் சட்டை தங்கைக்கு ஆகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கிப் போடவும் முடியாது. நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் சிக்கனமே அதுதான், அதை ஒரு புது நிறம் ஒரே நாளில் அடைத்துவிடுகிறது.

ஜிஎஸ்டி குறைந்ததே, விலை குறையவில்லையா?

2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. ஆனால் 1,000 ரூபாய்க்குள் இருக்கும் ஆடைக்கு அதற்கு முன்பே 5 சதவீதம்தான். பள்ளிச் சட்டை, பேண்ட் பெரும்பாலும் அந்த விலைக்குள் வருவதால் துணியில் பெரிய மாற்றம் இல்லை. ஷூவில் உண்டு. 1,000 ரூபாய்க்குள் இருந்த காலணிக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் அது சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது பெற்றோரின் கையில் இருக்கிறது. பில்லே தராத கடையில் அதற்கும் வழியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009-ல் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த குழு கல்விக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. சீருடை, ஷூ விலை அதற்குள் வருவதில்லை. கட்டணத்தில் கை வைக்க முடியாத பள்ளிக்கு இது ஒரு பக்கவாசல்.

சிபிஎஸ்இ, 2017 ஏப்ரலில் தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பள்ளி என்பது வியாபாரம் அல்ல, வளாகத்திலோ தேர்ந்தெடுத்த கடை வழியாகவோ புத்தகம், சீருடை விற்பதை நிறுத்துங்கள் என்பதே அதன் சாரம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளையின் கதை வேறு. கட்டணம் இல்லை என்று சேர்த்துவிட்டு, யூனிஃபார்முக்கும் புத்தகத்துக்கும் பணம் கேட்பது பல பெற்றோரின் புகார். இந்தப் பிள்ளைகளிடம் சீருடைக்கும் நோட்டுக்கும் பணம் வாங்கக் கூடாது, அந்தச் செலவு அரசின் பொறுப்பு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிப்பை முடிக்கத் தடையாக இருக்கும் எந்தச் செலவையும் பிள்ளையின் மேல் போடக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. 'கட்டணம்' என்ற ஒரு சொல்லோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை, 'செலவு' என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

மற்ற இடங்களில் எப்படி?

உத்தரப் பிரதேசத்தின் 2018-ம் ஆண்டு தனியார் பள்ளிக் கட்டணச் சட்டம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது. குறிப்பிட்ட கடையில்தான் சீருடை, ஷூ வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. ஒருமுறை வைத்த சீருடையைத் தொடர்ந்து 5 கல்வியாண்டுகளுக்கு மாற்றக் கூடாது.

இங்கிலாந்தில் 2021-ல் சீருடைச் செலவுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. லோகோ போட்ட உருப்படிகளை முடிந்தவரை குறைக்க வேண்டும், ஒரே விற்பனையாளரோடு மட்டும் ஒப்பந்தம் போடுவதைத் தவிர்க்க வேண்டும், பழைய யூனிஃபார்ம் பெற்றோருக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அதன் கீழ் வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. பணக்கார நாட்டிலும் இதே தலைவலி!

இலங்கை இன்னொரு வழி. 1993 முதல் அங்கே பள்ளி மாணவர்களுக்குச் சீருடைத் துணி இலவசம். பெரிய வகுப்பு என்று அங்கே நிறுத்துவதில்லை. பொருளாதாரம் நொறுங்கிய பிறகும் அதைக் கைவிடவில்லை. 2025-ம் ஆண்டுக்கான துணி முழுவதும் சீனாவின் நன்கொடையாக வந்தது.

அப்போ யூனிஃபார்மே வேண்டாமா?

வேண்டாம் என்றால் ஏழைப் பிள்ளைக்குத்தான் கஷ்டம். தினம் ஒரு கலர் டிரஸ் என்றால் எத்தனை துணி இருக்கிறது என்று வகுப்பே எண்ணிவிடும். யூனிஃபார்ம் இரண்டு செட்டில் ஒரு வருஷத்தை ஓட்ட வைக்கிறது. பிரச்னை யூனிஃபார்மில் இல்லை. அதை எங்கே வாங்குவது என்ற முடிவு பெற்றோரிடம் இல்லாததில் இருக்கிறது, 8-ம் வகுப்போடு அரசு நின்றுவிடுவதில் இருக்கிறது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* பள்ளி தரும் லிஸ்ட்டை எழுத்தில் கேளுங்கள். எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரித்துக் கேளுங்கள்.
* "இந்தக் கடையில்தான் வாங்க வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள்.
* பள்ளிக் கல்வித் துறையின் 14417, முதல்வரின் முகவரி 1100, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஆகியவற்றில் புகார் சொல்லலாம். மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடமும், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.
* ஒருவராகப் போனால் "உங்க பிள்ளைக்கு மட்டும் என்ன?" என்று கேட்பார்கள். நாலு பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அந்தக் கேள்வி வராது.
* 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளை என்றால் சீருடைக்குப் பணம் கேட்பதே தவறு. அதை மனுவில் குறிப்பிடுங்கள்.
* கட்டுமானம் உள்ளிட்ட அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. ஆலைத் தொழிலாளர்கள் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தில் விசாரிக்கலாம்.
* போன வருஷ யூனிஃபார்ம் நல்ல நிலையில் இருந்தால் வகுப்புக் குழுவில் போடுங்கள். தேவைப்படும் ஒரு வீடு நிச்சயம் இருக்கும்.

மாற வேண்டியது என்ன?

பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. தனியார் பள்ளிகளுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு டிசைனை மாற்றக் கூடாது, லோகோவைத் தனியாகத் தைத்துக்கொள்ளும் துண்டாகத் தர வேண்டும், எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று மூன்று வரி விதி போதும். லோகோவைத் தனியாகக் கொடுத்துவிட்டால் எம்.சி. ரோடு வெள்ளைச் சட்டையும் பள்ளிச் சட்டை ஆகிவிடும்.

அரசுப் பள்ளிகளுக்கு, சத்துணவு நிற்கும் 10-ம் வகுப்பு வரையாவது சீருடையும் வர வேண்டும். அதற்குப் புதிதாக ஒரு அமைப்பு வேண்டியதில்லை. நெய்ய விசைத்தறி இருக்கிறது, தைக்க மகளிர் சங்கம் இருக்கிறது, பட்டியல் சத்துணவுக் கூடத்திலேயே இருக்கிறது. அதன்படி நெசவாளருக்கும் தையல் செய்யும் பெண்களுக்கும் கூடுதலாக இரண்டு வகுப்புக்கான வேலை கிடைக்கும்.

இப்போதைக்கு, 8-ம் வகுப்பு முடித்த பிள்ளை ஜூனில் பள்ளிக்குத் திரும்பும்போது தட்டில் சோறு இருக்கும், கையில் புத்தகம் இருக்கும். சட்டைக்கு மட்டும் அப்பாவின் அடுத்த சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.